மயில்துத்தமும் எட்டு நத்தைகளும்

நெல்லு, தென்னை, மாடு, மழைன்னு எழுதுறவன் திடீர்னு கடல் நத்தையைப் பத்தி எழுதினா உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கே இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசனை. நான் செஞ்ச தப்பை நானே எழுதணும், அதான் காரணம். மத்தவன் தப்பை எழுதுறது சுலபம். பூச்சிமருந்துக் கடைக்காரன் ஏமாத்தினான், வியாபாரி எடையில அடிச்சான்னு எத்தனை எழுதியிருக்கேன். இது அப்படி இல்லை.

எங்க ஊர் பேராவூரணி பக்கம். கஜா புயல்ல தென்னை போன கதையை முன்னாடியே சொல்லியிருக்கேன். 2018 நவம்பர்ல மரம் போச்சு. 2020-ல கொரோனா வந்து பையன் வீட்டுக்கு வந்தான். சென்னையில கம்ப்யூட்டர் வேலை. வீட்லேருந்தே பார்க்கலாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. மாடி ரூம்ல ஏசி போட்டு உக்காந்துட்டான். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் சென்னை போய்ட்டு வருவான். எங்களுக்கு அது போதும்.

அவன் வந்த மறுவருஷம் அந்தக் கண்ணாடித் தொட்டியை இறக்கினான். மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், 200 லிட்டர் தண்ணி பிடிக்கும். "மீன் வளர்க்கப் போறியாடா?"ன்னு கேட்டேன். "மீன் இல்லப்பா, கடல் வளர்க்கப் போறேன்"னான். அதுக்கு ஆன செலவைக் கேட்டதும் என் மனசுல ஒரு கறவை மாடு வந்து நின்னுட்டுப் போச்சு. வாயைத் திறக்கல. சம்பாதிக்கிறவன் அவன்.

ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம வந்து பார்த்தாங்க. "ஏன் மாப்ள, அரை மணி நேரம் வண்டியில போனா மல்லிப்பட்டினத்துல கடல் கிடக்கு. ரெண்டு கேன்ல மொண்டு வந்து ஊத்த வேண்டியதுதானே"ன்னு பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கரையோரத் தண்ணி சேறும் கலங்கலுமா இருக்கும், படகு எண்ணெயும் கலந்திருக்கும்னு சொல்லி, பையன் உப்பைத் தனியா வாங்கினான். சமையல் உப்பு இல்லை. கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்த உப்பு. லிட்டருக்கு 35 கிராம். தொட்டிக்கு மொத்தம் ஏழு கிலோ. எங்க போர் தண்ணியில ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் இருக்குன்னு ஆர்.ஓ. தண்ணியிலதான் கரைச்சான்.

தினமும் கொஞ்சம் தண்ணி ஆவியாகும். அதுக்கு உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது, நல்ல தண்ணிதான் ஊத்தணும்னான். வீட்டுக்காரிக்கு அது புரியல. "வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்திருக்கில்ல, தண்ணிதானே போகுது, உப்பு அங்கயேதானே கிடக்கு"ன்னு நான்தான் சொன்னேன். "அப்பா பாஸ்"னு பையன் சிரிச்சான். அப்போ எனக்குக் கொஞ்சம் பெருமை. இந்தத் தொட்டி விஷயம் எனக்கும் தெரியும்னு ஒரு நினைப்பு. பின்னாடி நடந்ததுக்கு அந்த நினைப்புதான் வித்து.

கல்லை அடுக்கி, மணல் பரப்பி, தண்ணி ஓட விட்டு, ஒரு மாசம் சும்மாவே வச்சிருந்தான். அப்புறம் ரெண்டு கோமாளி மீன், ஒரு சின்ன நீல மீன், சிவப்புக் கோடு போட்ட ரெண்டு இறால், பூ மாதிரி விரியிற காளான் பவளம் கொஞ்சம். கல் மாதிரி வளர்ற பவளம் எதையும் வைக்கல. அதையெல்லாம் கடல்லேருந்து எடுக்கிறது குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கிற அதே முதல் பட்டியல்ல அந்தப் பவளமும் இருக்குன்னு சொன்னான். புலியும் பவளமும் ஒரே பட்டியல்னு கேட்டப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

கொஞ்ச நாள்ல பாசி வந்துச்சு. முதல்ல பழுப்பா, கண்ணாடியில தூசி படிஞ்ச மாதிரி. அப்புறம் பச்சை. அதுக்குத்தான் நத்தை வேணும்னான். நத்தை கொளத்தூர்லேருந்து வந்துச்சு. சென்னைக்காரங்களுக்குத் தெரியும், வளர்ப்பு மீனுக்குப் பேர் போன இடம் அது. தெர்மகோல் பெட்டிக்குள்ள காத்து அடைச்ச பாலித்தீன் பையில, பஸ் பார்சல்ல வந்து இறங்கின எட்டு உயிர். டர்போ ரெண்டு, ட்ரோக்கஸ் மூணு, செரித் மூணு.

அதை அப்படியே தொட்டியில போடுவான்னு நினைச்சேன். போடல. ஒரு டப்பாவுல விட்டு, தொட்டியிலேருந்து மெல்லிய ட்யூப் போட்டு, சொட்டுச் சொட்டா ரெண்டு மணி நேரம் தண்ணி விட்டான். உப்பு அளவு சட்டுனு மாறினா மீன் கூட தாங்கும், நத்தை தாங்காதாம். "எங்க தென்னைக்குச் சொட்டுநீர், உங்க நத்தைக்கும் சொட்டுநீரா"ன்னு கேட்டேன்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த எட்டு நத்தையும் வந்த பிறகுதான் நான் மாடி ஏற ஆரம்பிச்சேன். மீன் எனக்குப் பெரிசா படல. நத்தை வேலை செய்யுது இல்லையா, அதான் பிடிச்சுப் போச்சு. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் திறந்து மூடறது தெரியும். அதோட நாக்கு ஒரு அரம். வரிசை வரிசையா நுணுக்கமான பல். பாசியைச் சுரண்டிக்கிட்டே போகும். போன வழி, புல்லு செதுக்கின வரப்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தெரியும்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். டர்போ பெரிசு, நல்லா தின்னும், ஆனா முரடு. வழியில இருக்கிறதைத் தள்ளிவிட்டுட்டுப் போகும். ட்ரோக்கஸ் கூம்பு மாதிரி, கோயில் கோபுரம் கணக்கா இருக்கும். கவிழ்ந்தா தானே நிமிர்ந்துக்கும். செரித் பகல்ல மணலுக்குள்ள கிடந்துட்டு ராத்திரி வெளிய வரும். அது மணலைக் கிளறிக் கொடுக்கிறதைப் பார்க்கிறப்போ மண்புழு ஞாபகம் வரும். டர்போ மல்லாந்து விழுந்தா சில நேரம் எழ முடியாது. அப்படியே கிடந்தா செத்துப் போகும், இல்ல இறால் வந்து கொத்தும். "கண்ணுல பட்டா நிமிர்த்தி வைங்கப்பா. கையை நல்லா கழுவிட்டு, சோப்பு இல்லாம"ன்னு சொல்லியிருந்தான். ஒரு மாசத்துல நாலஞ்சு தடவை நிமிர்த்தி வச்சிருப்பேன். கல்லுல வச்சதும் கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் காலை நீட்டிப் பிடிச்சுக்கும்.

அந்த மாசி மாசம் பையன் சென்னை போனான். இந்தத் தடவை பத்து நாள். தொட்டியைப் பார்த்துக்கிற பொறுப்பு எங்களுக்கு. மீனுக்கு ஒரு வேளை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கிற அளவு தீனி. அவ்வளவுதான் சொல்லியிருந்தான். வீட்டுக்காரிக்கு மனசு கேக்கல. நாம மூணு வேளை சாப்பிடுறோம், அதுங்க ஒரு வேளையான்னு, போறப்ப வர்றப்பல்லாம் போட்டிருக்கா. நானும் போட்டேன். நீங்க வந்தா மீன் கண்ணாடிக்கு ஓடி வரும். பார்த்துட்டு எப்படிப் போடாம இருக்கிறது?

ஆறாம் நாள் பாசி தலை தூக்கிச்சு. ஏழாம் நாள் கல்லு மேல பச்சை மயிர் மாதிரி அசைஞ்சுச்சு. எட்டு நத்தையும் ராப்பகலா மேஞ்சும் சமாளிக்க முடியல. பையன் வர்றதுக்குள்ள சுத்தமா வச்சுக் காட்டணும்னு எனக்கு ஒரு எண்ணம்.

பாசிக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா வயல்ல பாசியை அடக்குறவன் நான். நட்ட வயல்ல பாசி கம்பளி மாதிரி படர்ந்து பயிரை மேல எழ விடாது. அதுக்கு மயில்துத்தம். துணியில முடிஞ்சு மடைவாயில கட்டுவோம், தண்ணியோட கரைஞ்சு பரவும். இல்லாட்டி ஏக்கருக்கு ஒரு கிலோ மணலோட கலந்து வீசுவோம். ரெண்டே நாள்ல பாசி வெளுத்துப் போகும். தென்னைக்குப் போர்டோ கலவை போடறதுக்காக அதே மயில்துத்தம் கொட்டகையில ஒரு டப்பா இருந்துச்சு.

நான் அவசரப்படல. கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் வயல்ல ரெண்டு அங்குலம் தண்ணி நின்னா சுமார் ரெண்டு லட்சம் லிட்டர். அதுக்கு ஒரு கிலோ. அப்போ 200 லிட்டருக்கு ஒரு கிராம். வீட்டுத் தொட்டியாச்சே, சின்ன உயிராச்சேன்னு அதுலயும் பத்துல ஒரு பங்கு எடுத்தேன். பச்சைப்பயறு அளவு ஒரு நீலக் கல்லு. டம்ளர் தண்ணியில கரைச்சு, பம்பு பக்கத்துல மெதுவா ஊத்தினேன். கொஞ்சம்கூட நிறம் மாறல. நிம்மதியா கீழே வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில போய்ப் பார்த்தா கண்ணாடியில ஒரு நத்தைகூட இல்லை. எல்லாம் கீழே மணல்ல. டர்போ ரெண்டும் மல்லாந்து கிடந்துச்சு. விழுந்துடுச்சு போலிருக்குன்னு கையைக் கழுவிட்டு நிமிர்த்தி கல்லு மேல வச்சேன். பிடிக்கல, வழுக்கி விழுந்துச்சு. மறுபடி வச்சேன், மறுபடி விழுந்துச்சு. அப்புறம்தான் இறாலைத் தேடினேன். கல் இடுக்குல ஒண்ணு வெளுத்துக் கிடந்துச்சு. மீன் மூணும் ஒண்ணும் நடக்காத மாதிரி தீனிக்கு ஓடி வந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் பையன் போன் பண்ணினான். "தொட்டி எப்படிப்பா இருக்கு? பாசி வந்திருக்கா?"

"கொஞ்சம் வந்துச்சு. இப்ப குறைஞ்சிருக்கு"ன்னேன்.

அது பொய் இல்லை. ஆனா அதைவிட மோசம். போனை வச்சுட்டுத் தென்னந்தோப்புக்குப் போய் வேலையே இல்லாம சாயந்திரம் வரைக்கும் சுத்தினேன். கேட்டிருக்க வேண்டியது நான். அதுவரைக்கும் அவன்தான் என்கிட்ட கேப்பான். உழவு எப்பன்னு கேப்பான், மாட்டுக்கு என்னன்னு கேப்பான். நான் அவன்கிட்ட ஒரு விஷயம் கேட்டுச் செஞ்சதே இல்லை. அது ஒரு வீம்பு. ராத்திரி வீட்டுக்காரிதான், "செத்ததைத் தொட்டியிலயே வச்சுட்டு எத்தனை நாள் மறைப்பீங்க"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். என்ன போட்டேன், எவ்வளவு போட்டேன், எப்பப் போட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், "செத்ததையெல்லாம் உடனே எடுத்துடுங்கப்பா, அழுகினா மீனும் போயிடும். ட்ரம்ல கலந்து வச்ச உப்புத் தண்ணி இருக்கு, அம்பது லிட்டர் மாத்துங்க. கீழ் அலமாரியில கரிப் பை இருக்கு, தண்ணி விழற இடத்துல வைங்க"ன்னு வரிசையா சொன்னான். திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல கிளம்பி வந்துட்டான்.

எட்டு நத்தை, ரெண்டு இறால். காளான் பவளம் சுருங்கி, பாதிக்கு மேல கரைஞ்சு போச்சு. நத்தையை எண்ணி ஒரு தேங்காய் ஓட்டுல போட்டுத் தோப்புல புதைச்சேன்.

வந்தவன் தொட்டி முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். அப்புறம் என்கிட்டப் பேசினான். "மயில்துத்தத்துல கால் பங்கு செம்புப்பா. நீங்க போட்டது நூறு மில்லிகிராம்னா, அதுல 25 செம்பு. 200 லிட்டர்ல அது மீனுக்கு ஒண்ணும் பண்ணாது. மீன் நோய்க்கே செம்பு மருந்து இருக்கு. ஆனா நத்தை, இறால், பவளத்துக்கு அது விஷம்."

இன்னொண்ணும் சொன்னான். நம்ம ரத்தத்துல காத்தைச் சுமக்கிறது இரும்பு. நத்தை ரத்தத்துல அந்த வேலையைச் செய்யுறது செம்பு. அதனால அதோட ரத்தம் லேசா நீலம். எது இல்லாம வாழ முடியாதோ, அதுவே வெளியிலேருந்து ஒரு துளி கூடுதலா வந்தா கொன்னுடுது. எனக்கு அந்த நீலக் கல்லு கண்ணு முன்னாடி வந்துச்சு.

"பாசி நோய் இல்லப்பா, கணக்கு"ன்னான். "தீனி கூடினா மிச்சம் அழுகி நைட்ரேட், பாஸ்பேட் ஏறும். அதைத் தின்னு பாசி வளருது. நத்தை பாசியைத் தின்னாலும் அது போடுற எச்சம் தண்ணியிலதானே கிடக்கு. தீனியைக் குறைச்சு தண்ணியை மாத்தியிருந்தா போதும்."

இது எனக்குத் தெரியாத விஷயமா? வயல்ல டிஏபியை அள்ளிப் போட்டுட்டுத் தண்ணியைக் கட்டி வச்சா பாசி படரும். அது பாசியோட தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முப்பது வருஷம் மடைவாயில துணி முடிச்சைத்தான் கட்டியிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. தொட்டியில போட்டது வயல் அளவுல பத்துல ஒரு பங்கு. அதுக்கே எட்டும் போச்சுன்னா, வயல்ல? நான் சின்னப் பையனா இருந்தப்போ ஐப்பசி கார்த்திகையில வாய்க்கால்ல இறங்கினா ஒரு கூடை நத்தை பொறுக்கலாம். மூலத்துக்கு நல்லதுன்னு ஆத்தா கறி வைக்கும். நத்தை குத்தி நாரை வயல் பூரா நிக்கும். அலகு ரெண்டும் நடுவுல ஒட்டாம இடைவெளி விட்டிருக்குமே, அந்த நாரைதான். அது எப்போ குறைஞ்சுச்சுன்னு யோசிச்சா வருஷம் சொல்ல வரல. தொட்டியில இருந்தது எட்டு, அதனால எண்ணினேன். வயல்ல இருந்ததை யார் எண்ணினா? நத்தை போனதுக்கு நான் மட்டும் காரணம்னு சொல்லல. மருந்து இருக்கு, ஒண்ணா ரெண்டா. ஆனா அந்த நீலத் துணி முடிச்சு என் கையால கட்டினது.

தொட்டி சரியாக எட்டு மாசம் ஆச்சு. கல்லும் மணலும் செம்பைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடுமாம். மணலை மொத்தமா மாத்தினான். கல்லை மாத்தினான். செம்பை இழுக்கிற பை வாங்கிப் போட்டான். வாரா வாரம் தண்ணி மாத்துறதுக்கு நானும் கூட நின்னேன். ட்ரம் தூக்குறது என் வேலை, உப்பு கலக்குறது அவன் வேலை. எட்டு மாசத்துல, அவன் பள்ளிக்கூடம் போன காலத்துல பேசினதைவிட அதிகமா பேசியிருப்போம். பெரும்பாலும் தண்ணியைப் பத்தித்தான்.

அந்தச் சம்பாவுல நான் பாசிக்கு மயில்துத்தம் போடல. அடியுரத்துல டிஏபியைக் குறைச்சேன். பாசி வந்தப்போ தண்ணியை வடிச்சு நாலு நாள் காயவிட்டேன், படர்ந்தது காய்ஞ்சு மண்ணோட ஒட்டிக்கிச்சு. கோனோவீடரை ரெண்டு ஓட்டு ஓட்டினேன். வேலை கூடத்தான். கூலி ஆள் முணுமுணுத்தாங்க. தென்னைக்குக் குருத்தழுகல் வந்தா இப்பவும் போர்டோதான் போடறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனா கலக்குற வாளி, மட்டை எல்லாம் இப்போ தனி. வாய்க்கால் பக்கமே கழுவுறதில்லை. டப்பா கொட்டகையில பூட்டி இருக்கு, சாவி வீட்டுக்காரிகிட்ட.

ஒண்ணு மட்டும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க மல்லிப்பட்டினம் கடல்ல கடற்புல் இருக்கு. கடல்பசு மேயுற புல். 2022-ல அரசாங்கம் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமா அறிவிச்சாங்க. அந்தப் புல்லு இலை மேல பாசி படர்ந்தா வெயில் படாம புல்லு நலிஞ்சு போகும். அந்தப் பாசியை மேய்ஞ்சு இலையைத் துடைச்சு வைக்கிறதுல சின்னச் சின்ன நத்தைகளுக்கும் பங்கு இருக்கு. எங்க வாய்க்கால் வடிகால் எல்லாம் கடைசியில போய்ச் சேர்றதும் அந்தக் கடல்தான்.

போன மாசம் பையன் தண்ணியைச் சோதிச்சுட்டு, "செம்பு காட்டலப்பா. ஒண்ணே ஒண்ணு விட்டுப் பார்ப்போம்"னான். ட்ரோக்கஸ் ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வண்டி எடுத்துட்டுப் போய் பார்சலை வாங்கி வந்தேன். மேடு பள்ளம் பார்த்து மெதுவா ஓட்டினேன். பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். சொட்டுநீர் ட்யூபை இந்தத் தடவை நான் பிடிச்சேன். தொட்டியில விட்டதும் கல்லுல கால் மணி நேரம் அசையாம இருந்துச்சு. நாங்க மூணு பேரும் வாயைத் திறக்கல. அப்புறம் கொம்பு ரெண்டும் வெளிய வந்துச்சு.

இப்போ பையன் சென்னையில இருக்கான். கிளம்புறப்போ கொஞ்சம் தயங்கிட்டு, "எதுவும் போடாதீங்கப்பா. சும்மா பாருங்க, போதும்"னான். சரின்னேன். தீனி டப்பாவை அவனே தினக்கணக்கு போட்டு, சின்னச் சின்னப் பொட்டலமா மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான்.

இதை எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாடிக்குப் போய்ட்டு வந்தேன். கண்ணாடியில வலது பக்கம் மேல் ஓரமா மேயுது. நேத்து மல்லாந்து கிடந்தது. கையை ரெண்டு தடவை கழுவிட்டுப் போனேன். நான் போறதுக்குள்ள அதுவே நிமிர்ந்துக்கிச்சு.